ஔவையார் நூல்களைப் பிரித்துப் படிப்பது எப்படி?

கடையில் ஒரே பெயரைச் சொல்லிக் கேட்டால் ஆறு விதமான புத்தகங்கள் மேசைக்கு வரும் பெயர் ஒன்று உண்டென்றால் அது ஔவையார்தான். முதல் வகுப்புப் பிள்ளை சொல்லும் ‘அறம் செய விரும்பு’ அந்தப் பெயரில் இருக்கிறது. அதியமானின் போர்க்களம், பிரிவில் தவிக்கும் பெண்ணின் புலம்பல், குண்டலினி யோகம், பிள்ளையார் துதி, புலவர்களோடு மல்லுக்கு நின்ற வெண்பாக்கள் எல்லாம் அதே பெயரில்தான் இருக்கின்றன. புதிதாகப் படிக்க வருபவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒரு பக்கம் சாய்கிறார்கள். சிலர், எல்லாம் ஒரே பாட்டி பாடியது, நெல்லிக்கனி சாப்பிட்டதால் பல நூறு ஆண்டுகள் வாழ்ந்தார் என்று நம்பிவிடுகிறார்கள். சிலர் காலம் ஒத்துவரவில்லை என்றதும் மொத்தத்தையும் கட்டுக்கதை என்று தள்ளிவிடுகிறார்கள். இரண்டாலும் நஷ்டம் படிப்பவருக்குத்தான். பெயர் பொதுவானது, நூல் ஒவ்வொன்றும் தனியானது என்று வைத்துக்கொண்டு தொடங்கினால் எல்லாவற்றையும் மரியாதையோடும் தெளிவோடும் படிக்கலாம். அதற்கான வழிதான் இது. மதுரையிலோ சுற்றுவட்டாரத்திலோ இருப்பவர்களுக்கு இது இன்னும் சுலபம்.

முதல் வேலை: பட்டியல்

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். புத்தகம் வாங்கும் முன்பே இந்தப் பட்டியலை அதில் எழுதிக்கொள்ளுங்கள்.

சங்கப் பாடல்கள்: மொத்தம் 59. புறநானூற்றில் 33, குறுந்தொகையில் 15, நற்றிணையில் 7, அகநானூற்றில் 4.

நீதி நூல்கள்: ஆத்திசூடி (109 அடி), கொன்றைவேந்தன் (91 அடி), மூதுரை (30 வெண்பா), நல்வழி (40 வெண்பா). அடிக்கணக்கிலும் வெண்பாக் கணக்கிலும் கடவுள் வாழ்த்தைச் சேர்க்கவில்லை.

யோக, பக்தி நூல்கள்: ஔவைக்குறள் (31 அதிகாரம், 310 குறள்), விநாயகர் அகவல் (72 அடி).

தனிப்பாடல்கள்: இவற்றுக்குக் கறாரான எண்ணிக்கை கிடையாது. பதிப்புக்குப் பதிப்பு கூடும், குறையும். அசதிக்கோவை என்ற பெயரில் கிடைக்கும் சில பாடல்களையும் இங்கேயே வையுங்கள்.

பட்டியல் கையில் இல்லாமல் கடைக்குப் போனால் ஒரே நூலை இரண்டு முறை வாங்கிவிடுவீர்கள். மூதுரைக்கு ‘வாக்குண்டாம்’ என்று இன்னொரு பெயர் உண்டு. அது கடவுள் வாழ்த்தின் முதல் சொல். ஔவைக்குறளை ‘ஞானக்குறள்’ என்றும் அச்சிடுகிறார்கள். எதிர்த்திசையிலும் ஏமாற்றம் வரும்: ‘ஆத்திசூடி’ என்று அட்டையில் இருப்பதெல்லாம் ஔவை பாடியது ஆகாது. பாரதியார் புதிய ஆத்திசூடி எழுதியிருக்கிறார், பாரதிதாசனும் எழுதியிருக்கிறார். முதல் அடியைப் பார்த்தால் தெரிந்துவிடும். ‘அச்சம் தவிர்’ என்றிருந்தால் பாரதி.

தேடும்போது எழுத்துக் கோளாறு

நூலகக் கணினியிலோ இணையத்திலோ தேடும்போது பலர் ‘ஒன்றும் இல்லை’ என்று திரும்பிவிடுகிறார்கள். காரணம் ஔ என்ற எழுத்து. யூனிகோடில் அது ஒரே எழுத்து. ஆனால் தட்டச்சு செய்தவர் பலர் ‘ஒ’ போட்டு அடுத்து ‘ள’ போட்டிருப்பார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்று போலத் தெரியும், கணினிக்கு வேறு வேறு. ஆகவே ‘ஔவை’, ‘ஒளவை’, ‘அவ்வை’ என மூன்று விதமாகவும் தேடுங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும், 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்பதிப்புகளிலும் தேடும்போது இதை மறக்க வேண்டாம்.

அடுத்த சிக்கல் ஆசிரியர் பெயர்ப் பட்டியலில் வரும். ‘ஔவை’ என்று தேடினால் ஔவை சு. துரைசாமிப் பிள்ளை என்ற பெயர் வரிசையாக வந்து நிற்கும். அவர் இருபதாம் நூற்றாண்டு உரையாசிரியர். ஊர் ஔவையார்குப்பம், அதனால் பெயருக்கு முன்னால் ஔவை. மதுரை தியாகராசர் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர். புறநானூற்றுக்கு அவர் எழுதிய உரைதான் இந்தப் படிப்புக்கு நல்ல துணை என்பதால், அந்தப் பெயரைப் பார்த்ததும் தள்ளிவிடாமல் தனியே குறித்துக்கொள்ளுங்கள்.

சங்கப் பாடல்களை ஆசிரியர் பெயரில் தேடவே வேண்டாம். அவை புறநானூறு, குறுந்தொகை என்று தொகை நூலின் பெயரிலோ, பதிப்பித்தவர் பெயரிலோதான் இருக்கும். ஔவையார் என்ற பெயரை மட்டும் நம்பித் தேடியவர் கைக்கு நீதி நூல்கள் மட்டுமே வந்து சேரும். சங்க ஔவையை அறியாமலே ஆண்டுக்கணக்கில் ‘ஔவையைப் படித்திருக்கிறேன்’ என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் உருவாவது இப்படித்தான்.

எந்தப் பதிப்பு, எங்கே

சங்கப் பாடல்களுக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. ச. வையாபுரிப் பிள்ளை 1940இல் பதிப்பித்த ‘சங்க இலக்கியம்’ பாடல்களைத் தொகை வாரியாக அடுக்காமல் புலவர் வாரியாக அடுக்கியது. அதில் ஔவையார் பகுதியைத் திறந்தால் 59 பாடலும் ஒரே இடத்தில் கிடைக்கும். மூலம் மட்டும்தான், உரை இருக்காது. அதனால் பக்கத்தில் உரைப்பதிப்பு ஒன்று வேண்டும். இந்த இரண்டையும் நூலகத்தில் பார்ப்பதே மேல். சிம்மக்கல் மாவட்ட மைய நூலகம், புது நத்தம் சாலையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம், பாண்டித்துரைத் தேவர் 1901இல் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் ஆகிய மூன்றையும் பாருங்கள். பழைய பதிப்புக்குத் தமிழ்ச் சங்கத்தை முதலில் பார்ப்பது நல்லது.

நீதி நூல்களைச் சொந்தமாக வாங்கிக்கொள்ளுங்கள், விலை அதிகமில்லை. ந. மு. வேங்கடசாமி நாட்டார் உரை உள்ள பதிப்பாக இருந்தால் பதவுரையும் பொழிப்பும் தெளிவாக இருக்கும். பெரிய எழுத்து, வண்ணப்படம் போட்ட பிள்ளைகள் பதிப்பை ஆராய்ச்சிக்கு எடுக்க வேண்டாம். சில பதிப்புகளில் ஆத்திசூடி அடி ஒன்றிரண்டு விடுபட்டிருக்கும், சொல்லையும் எளிமையாக்கி மாற்றியிருப்பார்கள். வாங்கும் முன் கடைசிப் பக்கத்தைப் புரட்டுங்கள். 109ஆவது அடி ‘ஓரம் சொல்லேல்’ என்று முடிய வேண்டும். தமுக்கத்தில் புத்தகத் திருவிழா நடக்கும்போது வாங்கினால் நாலைந்து பதிப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட வசதிப்படும்.

தனிப்பாடல்களுக்கு ‘தனிப்பாடல் திரட்டு’ பாருங்கள். இராமநாதபுரம் பொன்னுசாமித் தேவரின் முயற்சியில் தொகுக்கப்பட்டது. அவர் பாண்டித்துரைத் தேவரின் தந்தை. ஏட்டிலும் வாய்மொழியிலும் சிதறிக் கிடந்தவற்றைத் தந்தை திரட்டினார், மகன் சங்கம் வைத்தார். இந்த வட்டாரத்துக்குப் பெருமை தரும் செய்தி இது.

காலம் பிரிக்கும் சோதனைகள்

இதுதான் முக்கியமான வேலை. ஒவ்வொரு நூலையும் கையில் எடுத்து, நூலுக்குள்ளேயே சான்று இருக்கிறதா என்று பாருங்கள். வெளியில் சொல்லும் கதையைக் கொஞ்ச நேரம் ஒதுக்கி வையுங்கள்.

முதல் சோதனை, நூலுக்குள் யார் பெயர் வருகிறது என்பது. நம்பகமான சோதனையும் இதுதான். நல்வழியின் நாற்பதாவது வெண்பாவைத் திறந்து பாருங்கள்:

தேவர் குறளும் திருநான் மறைமுடிவும்
மூவர் தமிழும் முனிமொழியும் - கோவை
திருவா சகமும் திருமூலர் சொல்லும்
ஒருவா சகமென் றுணர்.

சொல் சொல்லாகப் பாருங்கள். ‘தேவர் குறள்’ திருக்குறள். ‘மூவர் தமிழ்’ சம்பந்தர், அப்பர், சுந்தரர் பாடிய தேவாரம். அப்பரும் சம்பந்தரும் 7ஆம் நூற்றாண்டு. ‘கோவை, திருவாசகம்’ இரண்டும் மேலூர்ப் பக்கம் திருவாதவூரில் பிறந்த மாணிக்கவாசகருடையவை. அவரை 9ஆம் நூற்றாண்டில் வைப்பதே பெரும்பான்மைக் கருத்து. அப்படியானால் நல்வழி பாடியவர் அதற்குப் பின்னால் வந்தவர். கி.பி. முதல் சில நூற்றாண்டுகளுக்குள் அடங்கும் அதியமான் காலத்தவர் இதைப் பாடியிருக்க முடியாது. ஒரு வெண்பாவே கணக்கைத் தீர்த்துவிடுகிறது.

அதே சோதனையைச் சங்கப் பாடலில் செய்யுங்கள். அகநானூறு 147இல் ‘வெள்ளி வீதியைப் போல’ என்று இன்னொரு சங்கப் பெண்பாற் புலவரான வெள்ளிவீதியார் வருகிறார். புறநானூறு 367இல் ஔவை சேர சோழ பாண்டியர் மூவரையும் ஒருசேர வாழ்த்துகிறார். அதில் பாண்டியன் கானப்பேர் தந்த உக்கிரப்பெருவழுதி என்று அடிக்குறிப்பு சொல்கிறது. கானப்பேர் இன்றைய காளையார்கோவில். பல பாடல்களில் நெடுமான் அஞ்சி, அதாவது அதியமான், வருகிறான். திருக்கோவலூர்ப் பக்கம் சம்பையில் 1981இல் கண்டெடுத்த தமிழ்ப் பிராமிக் கல்வெட்டில் அதியன் நெடுமான் அஞ்சி பெயர் இருக்கிறது. பாட்டுக்கு வெளியே கல்லும் அந்தப் பெயரைச் சொல்கிறது.

இரண்டாவது, கடவுள் வாழ்த்து. மூதுரையின் கடவுள் வாழ்த்து ‘தும்பிக்கை யான்பாதம்’ என்று பிள்ளையாரை வணங்குகிறது. நல்வழி ‘பாலும் தெளிதேனும் பாகும் பருப்பும்’ அவருக்குப் படைத்துத் தொடங்குகிறது. கொன்றைவேந்தன் சிவன் மகனை ஏத்துகிறது. சங்க ஔவையின் 59 பாடலில் எதிலும் பிள்ளையார் இல்லை. ஒன்று கவனிக்க வேண்டும்: கடவுள் வாழ்த்தைப் பின்னால் வந்தவர் சேர்ப்பதும் வழக்கம். அதனால் இதைத் துணைச் சான்றாக மட்டும் வையுங்கள்.

மூன்றாவது, யாப்பு. புதியவர்கள் அதிகம் வழுக்கி விழும் இடம் இது. சங்கப் பாடல்கள் ஆசிரியப்பா, மூதுரையும் நல்வழியும் வெண்பா, ஔவைக்குறள் குறள் வெண்பா. இதுவரை சரி. உடனே ‘ஆசிரியப்பா என்றால் பழசு’ என்று விதி போட்டால் விநாயகர் அகவலில் மாட்டிக்கொள்வீர்கள். அகவல் என்பதே ஆசிரியப்பாதான். ஆனால் உள்ளே ‘மூலா தாரத்தின் மூண்டெழு கனலை’, ‘குண்டலி யதனிற் கூடிய அசபை’ என்று யோக நூற் சொற்கள். ஔவைக்குறளும் இதே யோகத்தைப் பேசுவது. யாப்பால் பிரிந்து நின்றாலும் பொருளால் இந்த இரண்டும் ஒரே தட்டில் வரும்.

நான்காவது, தனிச் சொல். இதை நம்பித் தீர்ப்பு எழுதக் கூடாது. இரண்டு உதாரணம் போதும். ‘ச’ எழுத்தில் சொல் தொடங்காது என்று தொல்காப்பியம் சொல்கிறது. அதை வைத்து ஆத்திசூடியின் ‘சனி நீராடு’ பிற்காலம் என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு. முடிவு சரியாக இருக்கலாம், வழி சரியில்லை. சங்க ஔவையே புறநானூறு 102இல் ‘சகடம் பண்டம் பெரிதுபெய் தன்றே’ என்று பாடியிருக்கிறார். அடுத்தது மூதுரையின் ‘கான மயிலாட’ வெண்பாவில் வரும் வான்கோழி. இன்று நாம் வான்கோழி என்னும் பறவை அமெரிக்காவிலிருந்து வந்தது. அதனால் மூதுரையே போர்ச்சுகீசியர் வந்த பிறகு எழுதியது என்று ஒரே தாவாகத் தாவக் கூடாது. பழைய சொல் ஒன்று புதுப் பறவைக்கு ஒட்டியிருக்கலாம், அந்த ஒரு வெண்பா பின்னால் நுழைந்திருக்கலாம். ஒரு சொல் கேள்வி எழுப்பும். விடைக்கு அது போதாது.

மொத்தம் எத்தனை ஔவையார்? இருவர், மூவர், அதற்கு மேல் என்று ஆய்வாளர்கள் பிரிந்து நிற்கிறார்கள். அந்த எண்ணிக்கையில் நேரத்தைச் செலவிட வேண்டாம். எந்த நூல் எந்த நூலோடு சேரும் என்பதைச் சரியாகப் பிடித்தால் போதும்.

நெல்லியும் நாவலும்

கதைக்கும் நூலுக்கும் உள்ள தூரத்தைப் பழகிக்கொள்ள இரண்டு பழங்களே போதும்.

அதியமான் தந்த நெல்லிக்கனி பாட்டிலேயே இருக்கிறது. புறநானூறு 91: ‘சிறியிலை நெல்லித் தீங்கனி குறியாது / ஆதல் நின்னகத் தடக்கிச் / சாதல் நீங்க எமக்கீத் தனையே’. அதன் பயனை வெளியே சொல்லாமல் தன்னுள்ளே அடக்கிக்கொண்டு, சாவு நீங்கட்டும் என்று எமக்குக் கொடுத்தாயே என்கிறார். பெற்றவரே சொல்லும் வாக்கு அது. ஆனால் அதைத் தின்று பல நூற்றாண்டு வாழ்ந்தார் என்பது பாட்டில் இல்லை, பின்னால் வளர்ந்தது.

அழகர்கோவில் மலைமேல் பழமுதிர்சோலையில் நாவல் மரத்தைக் காட்டி ‘சுட்ட பழமா, சுடாத பழமா’ கதை சொல்வார்கள். அதற்கு ஆதாரமாகச் சொல்லும் தனிப்பாடலை ஒரு முறை முழுசாகப் படியுங்கள்:

கருங்காலிக் கட்டைக்கு நாணாக்கோ டாலி
இருங்கதலித் தண்டுக்கு நாணும் - பெருங்கானில்
காரெருமை மேய்க்கின்ற காளைக்கு நான்தோற்றது
ஈரிரவு துஞ்சாதென் கண்.

கருங்காலியை வெட்டிய கோடாலி வாழைத்தண்டிடம் தோற்றது போல, காட்டில் எருமை மேய்க்கும் பையனிடம் தோற்றேன், இரண்டு இரவு கண் மூடாது என்கிறார். பழம் எங்கே? முருகன் எங்கே? சோலைமலை எங்கே? ஒன்றும் இல்லை. தோல்வி ஒன்றுதான் பாட்டில் இருக்கிறது, மற்றதெல்லாம் பாட்டைச் சுற்றி மக்கள் கட்டியது. கட்டியது அழகாகவே இருக்கிறது. சோலைமலைக்குப் போகும்போது பிள்ளைகளுக்குத் தாராளமாகச் சொல்லுங்கள். நோட்டில் எழுதும்போது மட்டும் ‘பாடலில் உள்ளது’, ‘கதையில் உள்ளது’ என்று இரண்டு கட்டம் போட்டு எழுதுங்கள். அங்கவை, சங்கவைக்கு ஔவை மணம் முடித்த கதைக்கும் இதே கட்டம்தான். புறநானூற்றில் பாரி மகளிரை அழைத்துக்கொண்டு அலைபவர் கபிலர்.

படிக்கும் வரிசை

காலவரிசையில் தொடங்காதீர்கள். சங்கத் தமிழில் நேரே இறங்கினால் பத்து நாளில் புத்தகத்தை மூடிவிடுவீர்கள். மூதுரையும் நல்வழியும் சேர்த்து 70 வெண்பா. நாளுக்கு இரண்டு என்று வைத்தால் ஐந்து வாரம். ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லி, சீர் பிரித்து எழுதிப் பாருங்கள். வெண்பாவின் ஓசை காதில் ஏறியபின் பழைய பாட்டின் ஓசை வேறு என்பது தானாகத் தெரியும்.

பிறகு புறநானூறு. ‘நாடா கொன்றோ காடா கொன்றோ’ (187) நாலே அடி, அதில் தொடங்குங்கள். அடுத்து 91, 95, 140, 206, கடைசியில் 235. 95இல் தொண்டைமானின் ஆயுதங்கள் மயிற்பீலி சூடி நெய் பூசிப் பளபளவென்று இருக்கின்றன, அதியமானுடையவை முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. புகழ்வது போலத் தொடங்கி, போருக்குப் போகாத படை உன்னுடையது என்று முகத்துக்கு நேரே சொல்லும் துணிவைக் கவனியுங்கள். 235 அதியமான் இறந்தபின் பாடியது. ‘சிறியகட் பெறினே எமக்கீயும் மன்னே’ என்ற முதல் அடியிலேயே தொண்டை அடைக்கும். ‘மன்’ என்ற சிறு சொல் ‘அது போயிற்றே’ என்ற இழப்பைச் சுமந்து அடிக்கு அடி திரும்ப வருகிறது. அந்தச் சொல்லுக்கு உரையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் தாண்ட வேண்டாம்.

புறப்பாட்டின் கீழே திணை, துறை, யாரை யார் பாடியது என்ற குறிப்பு இருக்கும். பாட்டு புலவருடையது, குறிப்பு தொகுத்தவர்கள் காலத்தது. முதலில் பாட்டு, பிறகு குறிப்பு, பிறகு உரை என்ற வரிசையில் படியுங்கள். குறுந்தொகையில் 28 ‘முட்டு வேன்கொல் தாக்கு வேன்கொல்’ முதலில். அகப்பாடல்களில் ‘நான்’ என்பது தலைவியோ தோழியோ. ஔவையின் வாழ்க்கை என்று எடுத்துவிடாதீர்கள்.

ஔவைக்குறளைக் கடைசியில் வையுங்கள். உரையில்லாமல் தொட வேண்டாம். திருமந்திரம் கொஞ்சம் பழகியவருக்குத்தான் அது வாய் திறக்கும்.

மேற்கோள் காட்டும்போது ‘ஔவையார் சொன்னார்’ என்று நிறுத்தாமல் ‘நல்வழி, 40’, ‘புறம். 91’ என்று நூலும் எண்ணும் எழுதுங்கள். வாட்சப்பில் ஔவை பெயரில் சுற்றும் வரிகளுக்கு நூலும் எண்ணும் கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் நோட்டில் ஏற்ற வேண்டாம்.

இதே முறையில் அடுத்த பெயர்கள்

கபிலர் பெயரில் சங்கப் பாடல், இன்னா நாற்பது, பதினோராம் திருமுறை, கபிலர் அகவல் என்று வரும். மேலே சொன்ன சோதனைகளே போதும். அகத்தியர் பெயரில் இலக்கணம், வைத்தியம், சோதிடம், ரசவாதம் எல்லாம் உண்டு. வைத்திய நூல்களைப் படிப்பதற்காக மட்டும் படியுங்கள். ரசமும் பாஷாணமும் சேரும் முறைகளைப் புத்தகம் பார்த்துச் செய்து உட்கொண்டால் உயிருக்கே ஆபத்து. பதிப்புக்குப் பதிப்பு அளவு மாறுவதும், பொருள்களுக்கு மறைபெயர் இருப்பதும் ஆபத்தைக் கூட்டும். சித்த மருத்துவம் முறையாகப் படித்தவரிடம்தான் போக வேண்டும்.

மதுரைக்காரர்கள் அடுத்து எடுக்க வேண்டிய பெயர் நக்கீரர். மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் பாடியது நெடுநல்வாடை, 188 அடி. திருமுருகாற்றுப்படை 317 அடி. பத்துப்பாட்டில் முதல் பாட்டாகவும், பதினோராம் திருமுறையில் நக்கீரதேவ நாயனார் பெயரிலுள்ள பத்து நூல்களில் ஒன்றாகவும் இரண்டு இடத்தில் இருப்பதால் இரண்டு நூல் என்று எண்ணிவிடாதீர்கள். இறையனார் களவியல் உரை நக்கீரர் பெயரில் வழங்கினாலும், பத்துத் தலைமுறை வாய்வழி வந்தது என்று உரையே சொல்கிறது. அதில் மேற்கோளாக வரும் பாண்டிக்கோவையின் பாட்டுடைத் தலைவன் நெடுமாறன், 7ஆம் நூற்றாண்டினன் என்பது பொதுக் கருத்து. எந்தச் சோதனை இங்கே வேலை செய்கிறது என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். முருகாற்றுப்படையில் ‘மாடமலி மறுகின் கூடற் குடவயின்’ என்ற அடியைக் கண்டுபிடித்து, கூடலுக்கு மேற்கே என்று அது சொல்லும் திருப்பரங்குன்றப் பகுதியில் பயிற்சியைத் தொடங்குங்கள். நோட்டில் நக்கீரருக்கு ஐந்து பக்கம் விட்டுவைத்தால் சரியாக இருக்கும்.